ஹோசோனோ, ஓதாகி, யாமாஷிதா, யூமிங், ரிங்கோ: ஜப்பானியப் பாட்டு கேட்க யாரிடம் தொடங்கலாம்?

ஏதோ ஒரு அனிமே பாட்டு பிடித்துப்போகிறது. அப்புறம் யூடியூப் தானாகவே மரியா தாகெயுச்சியின் 'பிளாஸ்டிக் லவ்'வைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அதற்கு மேல் எங்கே போவது என்று தெரியாமல் பலரும் நின்றுவிடுகிறார்கள். கேட்டால் ஆளாளுக்குப் பத்து ஆல்பம் பட்டியல் கொடுப்பார்கள். மூன்றாவது ஆல்பத்திலேயே எது யாருடையது என்று குழம்பி, பட்டியல் ஓரமாகப் போய்விடும்.

ஒரே ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்லவருவது. அவர் யாரைக் கேட்டு வளர்ந்தாரோ அந்தப் பாட்டையும் பக்கத்திலேயே வைத்துக் கேளுங்கள். ஜப்பானிய ராக், பாப் உலகில் இந்த முறைக்குத் தனிப் பலன் உண்டு. அங்கே பெரிய பாட்டுக்காரர்கள் பலர் முதலில் வெறிபிடித்த இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள். ஓதாகி 1975இலேயே வானொலியில் பழைய அமெரிக்கப் பாப் பாட்டுகளைப் பிரித்து விளக்கத் தொடங்கிவிட்டார். யாமாஷிதா 1992 முதல் தன் சொந்தச் சேகரிப்பிலிருந்தே தட்டுகளை எடுத்து வானொலியில் ஒலிபரப்பி வருகிறார். எங்கிருந்து எடுத்தோம் என்பதை மறைக்காமல் ரசித்துச் சொல்கிறவர்கள் இவர்கள்.

## எதை வைத்து முடிவெடுப்பது?

வேர் காதில் படுகிறதா? மூலப் பாட்டையும் இவருடைய பாட்டையும் அடுத்தடுத்து ஓட்டினால், இசை படிக்காதவருக்கும் உறவு புரிய வேண்டும்.

மொழி தெரியாமல் எவ்வளவு கிடைக்கும்? சிலரிடம் மெட்டும் ஒலியுமே முக்கால்வாசி. சிலரிடம் வரி புரியாவிட்டால் பாதிப் பாட்டு போச்சு.

கைக்குக் கிடைக்குமா? ஸ்ட்ரீமிங்கில் இருக்கிறதா, தட்டு வரவழைக்க வேண்டுமா என்பது செலவையே மாற்றிவிடும்.

ஒரு ஆல்பம் பிடித்தால் அடுத்ததும் பிடிக்குமா? ஒரே பாதையில் நடப்பவர்களும் உண்டு, ஆல்பத்துக்கு ஆல்பம் ஊரே மாறுகிறவர்களும் உண்டு.

குரல் பிடிக்குமா என்பதை மட்டும் வேறொருவர் சொல்ல முடியாது. ஒவ்வொருவரிடமும் இரண்டு பாட்டு கேட்டு நீங்களேதான் தீர்மானிக்க வேண்டும்.

| | முக்கிய வேர் | மொழி தேவையா | கிடைப்பது | ஆல்பங்கள் ஒரே மாதிரியா | முதல் ஆல்பம் |
|---|---|---|---|---|---|
| ஹருவோமி ஹோசோனோ | பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட், ஜேம்ஸ் டெய்லர், மார்ட்டின் டென்னி | குறைவு | எளிது | இல்லவே இல்லை | ஹோசோனோ ஹவுஸ் (1973) |
| எய்ச்சி ஓதாகி | ஃபில் ஸ்பெக்டர், 60களின் அமெரிக்கப் பாப் | ஓரளவு | எளிது | பெரும்பாலும் | எ லாங் வெக்கேஷன் (1981) |
| தாட்சுரோ யாமாஷிதா | பீச் பாய்ஸ், டூ-வாப் (50களின் பல குரல் கூட்டுப்பாட்டு), சோல் | மிகக் குறைவு | கடினம் | ஆம் | ஃபார் யூ (1982) |
| யூமிங் | புரோகோல் ஹேரம், தேவாலய ஆர்கன் | ஓரளவு | எளிது | முதல் நான்கு ஆம் | ஹிகோகிகுமோ (1973) |
| ஷீனா ரிங்கோ | பிளாங்கி ஜெட் சிட்டி (ஜப்பானிய ராக் குழு), ஜாஸ், சோல் | அதிகம் | எளிது | இல்லை | முசாய் மொராட்டோரியம் (1999) |

## ஹருவோமி ஹோசோனோ: வேர் பிடித்துப் போக விரும்புகிறவருக்கு

1970 வாக்கில் ஜப்பானில் பெரிய வாக்குவாதம் ஒன்று நடந்தது. ராக்கை ஜப்பானிய மொழியில் பாட முடியுமா என்பதுதான் கேள்வி. ராக் பாடகர் யூயா உச்சிதா போன்றவர்கள் ஆங்கிலத்தில்தான் பாட வேண்டும் என்றார்கள். ஹோசோனோ, ஓதாகி, தாகாஷி மாட்சுமோட்டோ, ஷிகெரு சுசுகி ஆகிய நால்வரின் 'ஹாப்பி எண்ட்' குழு ஜப்பானிய மொழியிலேயே பாடிக் காட்டியது. வரிகளைப் பெரும்பாலும் எழுதியவர் டிரம்ஸ் வாசித்த மாட்சுமோட்டோ. குழுவுக்கு முன்மாதிரி பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட், மோபி கிரேப் போன்ற அமெரிக்க மேற்குக் கரைக் குழுக்கள். 1971இல் வந்த 'காசேமாச்சி ரோமன்' ஆல்பத்தில் 'காசே வோ அட்சுமேதே' என்ற பாட்டைத் தேடிப் பாருங்கள். 'லாஸ்ட் இன் டிரான்ஸ்லேஷன்' படத்தின் வழியாக உங்கள் காதில் ஏற்கெனவே விழுந்திருக்கக்கூடும். அந்த அடங்கிய கனத்த குரல் ஹோசோனோவுடையது. உச்சத்தில் கத்தாமல், தன் இயல்பான தாழ்ந்த குரலிலேயே பாடலாம் என்ற துணிவு அவருக்கு ஜேம்ஸ் டெய்லரைக் கேட்டுத்தான் வந்தது.

அந்தக் குரல் பிடித்தால் 'ஹோசோனோ ஹவுஸ்' உங்களுக்கான ஆல்பம். சைதாமா மாநிலத்தின் சயாமாவில், அமெரிக்கப் படைவீரர் குடும்பங்கள் காலி செய்துவிட்டுப் போன வீடுகளில் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அந்த வீட்டுக்குள்ளேயே பதிவு செய்தார்கள். மலையடிவார வீட்டில் உருவான 'தி பேண்ட்' குழுவின் முதல் ஆல்பம்தான் முன்னுதாரணம். இதை ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். ஹோசோனோ அடிப்படையில் பேஸ் வாசிப்பவர். சின்ன ஸ்பீக்கரில் பேஸ் கரைந்துபோகும், பாட்டு சப்பென்று இருக்கும். சுமாரான ஹெட்ஃபோனே போதும்.

இவரிடம் மறைந்திருக்கும் செலவு இனிமேல்தான் வருகிறது. 1975இல் 'டிராப்பிக்கல் டேண்டி', 1976இல் 'தையான் யோகோ', 1978இல் 'பரைசோ' என்று தென்கடல் தீவு, சீனத்துறைமுகக் கனவுகளுக்குள் போய்விட்டார். அதே 1978இல் ஓவியர் தாதானோரி யோகோவுடன் இந்தியப் பயணம் போய்வந்த பாதிப்பில் 'கொச்சின் மூன்' என்ற முழு சிந்தசைசர் ஆல்பம். அதில் ஒரு பாட்டின் பெயர் 'மேடம் கான்சல் ஜெனரல் ஆஃப் மெட்ராஸ்'. இன்னொன்றின் பெயர் 'ஹெப்படைட்டிஸ்'. சென்னைக்காரர்கள் ஆசையாகத் தேடிப்போய் முதலில் இதைப் போடுவார்கள். போடலாம், ஆனால் இதை வைத்து ஹோசோனோவை எடைபோட வேண்டாம். 'ஹோசோனோ ஹவுஸ்' பாடகரின் சாயலே இதில் இருக்காது.

வேர் காதில் படுவதற்கு ஐவரிலும் ஆகச் சிறந்த உதாரணம் இவரிடமே கிடைக்கிறது. 1978 பிப்ரவரியில் ரியுய்ச்சி சாகமோட்டோவையும் யுகிஹிரோ தாகாஹாஷியையும் வீட்டுக்கு அழைத்து, நோட்டில் எழுதி வைத்திருந்த திட்டத்தைக் காட்டினார்: மார்ட்டின் டென்னியின் 'ஃபயர்கிராக்கர்' பாட்டை சிந்தசைசர் டிஸ்கோவாக்கி உலகம் முழுக்க 40 லட்சம் பிரதி விற்பது. யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா பிறந்தது அப்படித்தான். முதலில் டென்னியின் 1959 பதிவைக் கேளுங்கள், பிறகு 1978 பதிவைக் கேளுங்கள். மெட்டு ஒன்றேதான். டென்னியிடம் அது அமெரிக்கர் கற்பனை செய்த கிழக்கு. தட்டுவாத்தியங்கள் மணி மணியாக விழும், கைவாசிப்பின் சின்னச் சின்ன ஏற்றஇறக்கம் கேட்கும். ஹோசோனோவிடம் அதே மெட்டு, சுரங்களைத் தானாகவே வாசிக்க வைக்கும் ரோலண்ட் எம்சி-8 சீக்வென்சரில் ஏறி, நூல் பிடித்தாற்போல் ஓடும். தாகாஹாஷியின் டிரம்ஸ் மட்டும் அந்த எந்திரத்தோடு மல்லுக்கட்டி நிற்கும். மேற்கத்தியர் வரைந்த ஆசியப் படத்தை ஓர் ஆசியர் எடுத்துத் தன் கையெழுத்தைப் போட்டுத் திருப்பி அனுப்பிய கதை, இந்த இரண்டு பதிவுகளுக்குள் அடங்கிவிடுகிறது.

இவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்: இசையின் வரலாறே பிடிக்கும், ஆல்பத்துக்கு ஆல்பம் தடுமாறினாலும் பரவாயில்லை என்கிறவர்.

## எய்ச்சி ஓதாகி: ஒரே ஆல்பத்தில் நிறைவு வேண்டுமென்றால்

1981 மார்ச் 21இல் வெளியான 'எ லாங் வெக்கேஷன்' ஒன்றே போதும். ஃபில் ஸ்பெக்டர் 60களில் செய்ததை ஓதாகி டோக்கியோ ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்தார். ஒரு கிட்டார் வாசிக்க வேண்டிய இடத்தில் பலர் கிட்டார் வாசிப்பார்கள், பியானோவுக்கும் பலர், தட்டுவாத்தியங்களுக்கும் பலர். எல்லோரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில். ஒருவர் மைக்கில் இன்னொருவர் ஒலி புகுந்து, மேலே எதிரொலியும் சேரும்போது தனித்தனி வாத்தியம் மறைந்து ஒரே பெரிய சுவராக எழும்.

ஜோடியாகக் கேட்க: ரோனெட்ஸ் குழுவின் 'பி மை பேபி' (1963), அதன்பின் ஓதாகியின் 'கிமி வா தென்னென்ஷோகு'. ஓதாகியின் பாட்டு தொடங்கும் முன்பே வாத்தியங்கள் சுருதி சேர்ப்பதும் குச்சித் தட்டலும் கேட்கும். அறை நிறைய ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று அந்த ஓரிரு நொடியிலேயே தெரிந்துவிடும். இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, ஒலியை அதிகமாக வைத்துக் கேட்பது. அடுக்குகள் குழைந்து இரைச்சலாகிவிடும். நடுத்தர ஒலியில், குரலை விட்டுவிட்டுப் பின்னணியை மட்டும் ஒருமுறை கேளுங்கள்.

மொழி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அந்தப் பாட்டு கடற்கரை வெயில் போல் பளிச்சென்று இருக்கிறது. ஹிரோஷி நாகாய் வரைந்த அட்டைப்படமும் நீச்சல்குளமும் நீலவானமும்தான். ஆனால் வரி எழுதிய மாட்சுமோட்டோ அப்போதுதான் தன் தங்கையை இழந்திருந்தார். அவர் எழுத முடியாமல் நின்றபோது, வேறொருவரிடம் போகாமல் ஓதாகி வெளியீட்டையே தள்ளிவைத்துக் காத்திருந்தார். நினைவெல்லாம் கறுப்பு வெள்ளையாக இருக்கிறது, வண்ணம் சேர்த்துவிடு என்று ஒருவன் வேண்டுவதுதான் பாட்டு. மொழிபெயர்ப்பை ஒருமுறை வாசித்துவிட்டுக் கேட்டால் அந்தப் பளிச்சென்ற மெட்டு வேறு மாதிரி வந்து இறங்கும்.

2021இல், நாற்பதாம் ஆண்டில், இந்த ஆல்பம் ஸ்ட்ரீமிங்குக்கு வந்தது. மறைமுகச் செலவு என்று பெரிதாக இல்லை. பிடித்தால் 1984இன் 'ஈச் டைம்' இருக்கிறது. அதன்பின் புதுப் பாட்டு ஆல்பம் ஒன்றையும் தராமலேயே 2013 டிசம்பரில் காலமானார்.

## தாட்சுரோ யாமாஷிதா: மொழி வேண்டாம், ஒலி போதும்

'பிளாஸ்டிக் லவ்' வழியாக வந்தவர்களுக்கு இவர் புதியவரில்லை. தாகெயுச்சியின் கணவர், அந்தப் பாட்டின் தயாரிப்பாளரும் இவர்தான். அந்த ஒலி எங்கிருந்து வந்தது என்று தேடினால் நியூயார்க்கின் டூ-வாப் குழுக்கள், பீச் பாய்ஸ், கர்டிஸ் மேஃபீல்டு வரை போய்ச் சேரும். 1976இல் முதல் தனி ஆல்பமான 'சர்கஸ் டவுன்' பதிவுக்கு நேராக அமெரிக்காவுக்கே போனார். ஒரு பக்கம் நியூயார்க்கில், மறுபக்கம் லாஸ் ஏஞ்சலிஸில். நியூயார்க் பக்கத்துக்கு இசை ஒழுங்கு செய்தவர் ஃபோர் சீசன்ஸ் குழுவோடு வேலை செய்த சார்லி கலெல்லோ. தான் ரசித்த ஒலியை உருவாக்கியவர் கையிலேயே தன் பாட்டைக் கொடுத்துப் பார்த்தார்.

'ஃபார் யூ' ஆல்பத்தின் முதல் பாட்டு 'ஸ்பார்க்கிள்'. கிட்டார் மட்டும் தனியாக, கம்பியை விரலால் அமுக்கி அமுக்கி விடும் வெட்டு வாசிப்பில் தொடங்குகிறது. பிறகு ஜுன் அவோயாமாவின் டிரம்ஸும் கோகி இதோவின் பேஸும் வந்து விழும். இந்த இருவரும் வந்து சேர்ந்த பிறகுதான் யாமாஷிதாவின் பாட்டு உடம்பை அசைக்கத் தொடங்கியது என்பேன். குரல் அடுக்குகளைக் கவனிக்க வேண்டுமானால் 1980இன் 'ஆன் த ஸ்ட்ரீட் கார்னர்'. பழைய டூ-வாப் பாட்டுகளை, எல்லாக் குரலையும் தானே பாடி அடுக்கியிருக்கிறார். 1983இன் 'கிறிஸ்மஸ் ஈவ்' நடுவே பாகல்பெலின் 'கேனன்' அதே முறையில் வெறும் குரலாக வரும்.

மொழித் தடையே வேண்டாம் என்பவருக்கு 1984இன் 'பிக் வேவ்' இருக்கிறது. முழுக்க ஆங்கிலம். அதில் ஒரு பகுதி பீச் பாய்ஸ், பிரையன் வில்சன் பாட்டுகளை இவரே பாடியது. மூலத்தையும் இவரையும் வரிக்கு வரி ஒப்பிட்டுக் கேட்கலாம்.

இப்போது செலவு. ஸ்ட்ரீமிங்குக்குத் தன் பாட்டுகளைத் தர இவர் பல ஆண்டுகளாக மறுத்தே வந்திருக்கிறார். யூடியூபில் ரசிகர்கள் ஏற்றுவது அடிக்கடி நீக்கப்படும். நீக்கப்படாமல் தப்பியவற்றில் பல, கண்டுபிடிக்காமலிருக்க வேகமோ சுருதியோ மாற்றப்பட்டவை. அதைக் கேட்டுவிட்டு மெல்லிய குரல் என்று முடிவு கட்டினால் அது யாமாஷிதாவின் குற்றமில்லை. ஆகவே தட்டு வாங்கியே தீர வேண்டும். வாங்கும்போது கவனிக்க:

- பழைய எல்பி தேடாதீர்கள். 'சிட்டி பாப்' எனப்படும் அந்தக் கால ஜப்பானிய நகர்ப்புறப் பாப் மீதான மோகத்தில் விலை ஏறிக் கிடக்கிறது. எல்பிதான் வேண்டுமென்றால் 2023இல் வந்த மறுவெளியீடுகளைப் பாருங்கள்.
- ஒரே ஒரு முறைதான் செலவு செய்ய முடியும் என்றால் 2012இன் 'ஓபஸ்' தொகுப்பு, மூன்று சிடி.
- தனித்தனியாக வரவழைக்காமல் இரண்டு மூன்றைச் சேர்த்து ஒரே பார்சலாக வாங்குங்கள். தபால் செலவும் சுங்கமும் சேர்ந்தால் ஒற்றைத் தட்டின் விலையையே தாண்டிவிடக்கூடும்.
- வீட்டில் சிடி ஓட்ட எதுவும் இல்லையென்றால் அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இவர் தகுமா? பீச் பாய்ஸும் 70களின் சோல் இசையும் ஏற்கெனவே உங்களுக்குப் பிடிக்குமானால் சந்தேகமே வேண்டாம். ஒரு ஆல்பம் பிடித்துவிட்டால் அடுத்த ஐந்தும் பிடிக்கும் என்று உறுதி சொல்லக்கூடியவர் ஐவரில் இவர் மட்டும்தான்.

## யூமிங்: எங்கே தொடங்குவதென்றே தெரியாதவருக்கு

யுமி மாட்சுதோயா, செல்லமாக யூமிங். ஹாச்சியோஜியில் கிமோனோக் கடை நடத்திய குடும்பம். பள்ளித் தேவாலயத்தின் குழாய் ஆர்கனும், புரோகோல் ஹேரம் குழுவின் 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' (1967) பாட்டும் சேர்ந்து இவரைப் பாட்டெழுத வைத்தன. இரண்டுக்கும் பொதுவானது ஆர்கன். படி இறங்குவதுபோல் கீழே போகும் பேஸ் ஓட்டத்தின் மேல் மெட்டு மிதந்து நிற்பதைக் கவனியுங்கள். அந்தப் பக்திச் சாயலை அன்றாடக் காதலுக்கும் மழைக்கும் ரயிலுக்கும் கொண்டுவந்தது யூமிங் செய்த காரியம். பாட வந்து நாற்பது ஆண்டு நிறைந்த 2012இல், அதே பாட்டை அந்தக் குழுவோடு சேர்ந்து பதிவும் செய்தார்.

கிப்லி ஸ்டுடியோவின் அனிமே படங்களை ரசிப்பவர்களுக்கு இவர் பாட்டு தெரியும், பெயர்தான் தெரியாது. 'கிகிஸ் டெலிவரி சர்வீஸ்' படத்தின் தொடக்கப் பாட்டும் முடிவுப் பாட்டும் இவருடைய 70களின் பாட்டுகள். 'தி விண்ட் ரைசஸ்' முடிவில் வருவது 1973இன் 'ஹிகோகிகுமோ'.

அதே பெயரில் வந்த முதல் ஆல்பத்தில் வாசித்திருப்பவர்களைப் பாருங்கள்: ஹோசோனோ, சுசுகி, டிரம்ஸில் தாட்சுவோ ஹாயாஷி, விசைப்பலகையில் மாசாதாகா மாட்சுதோயா. பின்னால் யூமிங்கை மணந்தவர் இந்த மாசாதாகா. அடுத்த ஆல்பமான 'மிஸ்லிம்' (1974) பின்னணிக் குரல்களில் யாமாஷிதாவும் தாயெகோ ஓனுகியும் இருக்கிறார்கள். மூன்றாவதான 'கோபால்ட் அவர்' (1975) பாட்டான 'ரூஜ் நோ தெங்கோன்' பின்குரல்களில் அதே யாமாஷிதா. ஆக, இவர் ஒருவரைக் கேட்டாலே இந்தப் பட்டியலில் இன்னும் இருவர் கைவேலை காதில் விழுந்துவிடுகிறது. யாமாஷிதாவின் குரலைத் தட்டு வாங்காமல் ஸ்ட்ரீமிங்கில் கேட்க இதுவும் ஒரு வழி.

மறைமுகச் சிக்கல் பெயரில் இருக்கிறது. 1976இல் திருமணம். அதற்கு முன் வந்த முதல் நான்கு ஆல்பங்கள் யுமி அராய் என்ற பெயரில் இருக்கும். மாட்சுதோயா என்று மட்டும் தேடினால் 80களின் பளபளப்பான ஆல்பங்கள் முதலில் வந்து நிற்கும். அவற்றிலிருந்து தொடங்கியவர்கள் ஏன் இவ்வளவு புகழ் என்று விழிப்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கும். அராய் என்றே தேடுங்கள். அவருடைய மெல்லிய, சற்றே தட்டையான குரல் சிலருக்கு முதலில் ஒட்டாது. மூன்று பாட்டு பொறுத்துப் பாருங்கள்.

## ஷீனா ரிங்கோ: கிட்டார் கையில் இருந்தால்

பாட்டு எழுதவோ வாசிக்கவோ பழகுகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இவரைத்தான். காரணம் ஒரே பாட்டு, 'மாருனோஉச்சி சாடிஸ்டிக்'. அதன் கார்டு (ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டு) வரிசையை ஜப்பானிய வாசிப்பாளர்கள் அந்தப் பாட்டின் பெயராலேயே அழைக்கிறார்கள். சி சுருதியில் வைத்தால்:

எஃப் மேஜர் 7 – ஈ 7 – ஏ மைனர் 7 – சி 7

குரோவர் வாஷிங்டன் ஜூனியரின் 'ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்' (1980) பாட்டிலும் இதே எலும்புக்கூடுதான். அங்கே கடைசி கார்டுக்கு முன் ஜி மைனர் 7 ஒன்று கூடுதலாக வரும். புதிதாக வாசிப்பவர் செய்யும் தவறு, இரண்டாவது கார்டை ஈ மைனராகப் பிடிப்பது. ஈ 7இல் இருக்கும் ஜி ஷார்ப் சுரம்தான் அடுத்த ஏ சுரத்தை நோக்கி இழுக்கிறது. அது போனால் பாட்டின் ஏக்கமும் போய்விடும். கடைசி சி 7 மறுபடியும் எஃபுக்கே தள்ளும், அதனால் வரிசை முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இந்தப் பாட்டில் வேர்கள் வரிக்குள்ளேயே பெயரோடு நிற்கின்றன. இசைக்கருவிக் கடைகள் நிறைந்த ஒச்சானோமிசுவில் ரிக்கன்பேக்கர் 620 கிட்டாருக்கு ஏங்கும் பெண், கையில் 1,90,000 யென் இல்லை. கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் ராட் பெடல், மார்ஷல் ஆம்ப் இரண்டும் வருகின்றன. பிளாங்கி ஜெட் சிட்டியின் கெனிச்சி ஆசாய், 'பென்ஜி' என்ற செல்லப்பெயரில், தன் கிரெட்ச் கிட்டாரோடு வருகிறார். இதெல்லாம் வரி புரிந்தால்தான் கிடைக்கும். ரிங்கோ பழைய எழுத்துமுறையும் அரிய சொற்களும் கையாள்வதால் இணைய மொழிபெயர்ப்புக் கருவிகள் தடுமாறும். மனிதர் செய்த மொழிபெயர்ப்பைத் தேடி வாசியுங்கள்.

இரண்டாவதாக 'ஷோசோ ஸ்ட்ரிப்' (2000) போடலாம். 2003இல் வந்த மூன்றாவது ஆல்பத்தை மட்டும் அவசரப்பட்டுத் தொடாதீர்கள். பதினொரு பாட்டின் தலைப்புகளும் நடுப்பாட்டை வைத்துக் கண்ணாடிபோல் எதிரெதிரே நிற்கும், மொத்த நேரம் சரியாக 44 நிமிடம் 44 நொடி. அற்புதமான வேலை, ஆனால் முதல் வாசலாக இல்லை.

## இன்னும் முடிவு வரவில்லையென்றால்

'ஃபயர்கிராக்கர்' ஜோடி, 'பி மை பேபி' ஜோடி, 'ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்' ஜோடி, 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' பக்கத்தில் 'ஹிகோகிகுமோ', இந்த எட்டுப் பாட்டையும் ஒரே மாலையில் கேளுங்கள். மூலப் பாட்டு எது உங்களுக்கு ஏற்கெனவே நெருக்கமோ, அதன் ஜப்பானிய ஜோடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான்கு மூலமும் புதிதாகவே இருந்தால் யூமிங்கின் 'ஹிகோகிகுமோ', 'மிஸ்லிம்' இரண்டையும் முழுதாகக் கேட்டுவிட்டு ஹோசோனோவுக்கு வாருங்கள். யாமாஷிதாவைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், தட்டு வந்து சேர எப்படியும் சில வாரம் ஆகும்.

கெய்சுகே குவாதாவை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சதர்ன் ஆல் ஸ்டார்ஸ் குழுவில் ஜப்பானிய வரியை ஆங்கிலம்போல் வளைத்து நெளித்துப் பாடுவதுதான் அவர் சாதனை, அந்த வேடிக்கை மொழி பழகிய காதுக்கே முழுதாகத் தெரியும். அவரை ருசி பார்க்க எளிய வழி, 1979இன் 'இதோஷி நோ எல்லி'யைக் கேட்டுவிட்டு, ரே சார்ல்ஸ் 1989இல் அதையே ஆங்கிலத்தில் பாடிய 'எல்லி மை லவ்'வைக் கேட்பது. இங்கே ஜப்பானியப் பாட்டுதான் மூலம்.